கிராமத்து இங்கிலாந்தில் கவுன்சில் தேர்தல்: மிட் சஃபோக் நமக்குச் சொல்வது என்ன?

மரநிழல் (இழையைத் தொடங்கியவர்)

இங்கிலாந்து அரசியல் என்றால் நம் பேச்சு பெரும்பாலும் வெஸ்ட்மின்ஸ்டரோடு நின்றுவிடுகிறது. யார் பிரதமர், எந்த அமைச்சர் ராஜினாமா, விசா விதி எப்போது மாறும், இவ்வளவுதான். நான் பேச வந்தது வேறொரு தேர்தலைப் பற்றி. சஃபோக் கவுண்டியின் நடுவே இருக்கும் மிட் சஃபோக் மாவட்டத்தில் 2023 மே 4 அன்று நடந்த கவுன்சில் தேர்தல்.

பெரிய நகரம் என்று எதுவும் இல்லாத மாவட்டம் அது. ஸ்டோமார்க்கெட், நீடம் மார்க்கெட், ஐ (Eye) என்று சின்னச் சின்னச் சந்தை ஊர்கள். மிச்சமெல்லாம் கோதுமை, பார்லி வயல்களுக்கு நடுவே சிதறிக் கிடக்கும் கிராமங்கள். 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். மழை பெய்தால் பாதி வழி சேறு, பஸ் எப்போதாவது, பல வீடுகளில் குழாய் எரிவாயு கூடக் கிடையாது, தோட்டத்தில் எண்ணெய்த் தொட்டி வைத்துத்தான் குளிருக்குச் சூடேற்றுகிறார்கள். கன்சர்வேடிவ் கட்சிக்கென்றே எழுதி வைத்த ஊர் என்றுதான் வெளியில் எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

கவுன்சிலில் மொத்தம் 34 இடங்கள். 2019-ல் கன்சர்வேடிவ் 16, பசுமைக் கட்சி 12, லிபரல் டெமாக்ரட் 5, சுயேச்சை 1. நான்கு வருடம் கழித்துப் பசுமைக் கட்சி 24, கன்சர்வேடிவ் 6, லிபரல் டெமாக்ரட் 4. இங்கிலாந்தில் ஒரு கவுன்சிலில் பசுமைக் கட்சி தனிப் பெரும்பான்மை பெற்றது அதுதான் முதல் முறை. அதே நாளில் அந்தக் கட்சியின் கோட்டை என்று எல்லோரும் சொல்லிவந்த பிரைட்டன் நகரத்தில் 54 இடத்தில் 7-க்கு இறங்கிவிட்டார்கள். பல்கலைக்கழகமும் இளைஞர் கூட்டமும் நிறைந்த நகரம் கைவிடுகிறது, டிராக்டர் ஓடும் ஊர் கைகொடுக்கிறது.

இதைச் சும்மா விந்தைச் செய்தியாகப் படித்துவிட்டுப் போகக் கூடாது என்பது என் எண்ணம். கிராமப்புறத்தில் கவுன்சில் தேர்தலைக் கொள்கை ஜெயிப்பதில்லை. வருடக்கணக்கில் கூடவே இருந்தவர் ஜெயிக்கிறார். எந்தக் கட்சியாக இருந்தாலும் இது பொருந்தும். நான் எந்தக் கட்சியிலும் உறுப்பினர் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டின் கிராமங்களில் குடியேறும் நம்மவர்கள் கூடிக்கொண்டே போகிறார்கள். நர்ஸ், டாக்டர், பராமரிப்பு வேலை என்று எங்கெங்கோ வருகிறார்கள். அவர்கள் இந்த ஓட்டை வீணாக்கக் கூடாது என்ற ஆதங்கத்தில்தான் எழுதுகிறேன்.

---

கோவைக்காரன்

நல்ல தலைப்பு. ஆனால் கொஞ்சம் மிகைப்படுத்துகிறீர்களோ என்று தோன்றுகிறது. 2023 மே என்பது என்ன நேரம்? லிஸ் டிரஸ் ஆட்சி கவிழ்ந்து ஏழு மாதம்கூட ஆகவில்லை. வீட்டுக் கடன் வட்டி ஏறி மக்கள் கொதித்துப் போயிருந்தார்கள். அன்று இங்கிலாந்து முழுக்கக் கன்சர்வேடிவ் கட்சி ஆயிரத்துக்கும் அதிகமான கவுன்சில் இடங்களை இழந்தது. கிராமத்தில் லேபருக்கு ஆள் இல்லை, அதனால் கோபம் பசுமைப் பக்கம் போனது. இதில் வருடக்கணக்கில் கூடவே இருந்தது எங்கிருந்து வந்தது?

2019-லும் இதே கதைதான். பிரெக்சிட் இழுபறியில் தெரசா மே திண்டாடிக்கொண்டிருந்தார், அந்த உள்ளாட்சித் தேர்தலிலும் அவர்கள் கட்சிக்குப் பெரிய அடி. இரண்டு தேர்தலும் வெஸ்ட்மின்ஸ்டர் மேலிருந்த கோபம் என்றுதான் நான் படிக்கிறேன்.

---

மரநிழல்

கோபம் இருந்தது, மறுக்கவே இல்லை. ஆனால் அந்தக் கோபம் யார் பக்கம் போனது என்று மாவட்டம் மாவட்டமாகப் பாருங்கள். அதே நாளில் ஸ்ட்ராட்ஃபோர்ட், ஹார்ஷம், மிட் டெவன், சவுத் ஹாம்ஸ் எல்லாம் லிபரல் டெமாக்ரட் கைக்குப் போயின. எல்லாமே கிராமப்புறம், எல்லாமே கன்சர்வேடிவ் பழக்கம் உள்ள இடங்கள். மிட் சஃபோக்கில் மட்டும் ஏன் பசுமை? பக்கத்து மாவட்டமான பேபரிலும் பசுமைக் கட்சிதான் அதிக இடம் பிடித்தது. கிழக்கு சஃபோக்கிலும் அப்படியே. டெவனில் ஏன் அது நடக்கவில்லை?

யார் ஏற்கெனவே களத்தில் இருந்தாரோ அவரிடம் கோபம் போய்ச் சேர்ந்தது, அதுதான் காரணம். நான்கு வருடத்துக்கு முன்பே இவர்களிடம் பன்னிரண்டு கவுன்சிலர்கள் இருந்தார்கள். ஒரு பன்னிரண்டு பேர் நான்கு வருடம் ஊர் ஊராகப் போய் வடிகால் அடைப்பு, பேருந்து நிறுத்தம், பள்ளிக்கூட வாசலில் வேகம் என்று பேசினால், அடுத்த முறை பக்கத்து வார்டுக்காரர் "நமக்கும் இப்படி ஒரு ஆள் வேண்டும்" என்று நினைப்பார். வெஸ்ட்மின்ஸ்டர் கோபம் கதவைத் திறந்துவிட்டது, சரி. உள்ளே வர வாசலில் ஒரு ஆள் நிற்க வேண்டுமே.

இன்னொன்று, எண்ணிக்கை. 34 இடங்கள் 26 வார்டுகளாகப் பிரிந்திருக்கின்றன. பதினெட்டு வார்டில் ஒருவர், எட்டில் இருவர். ஒரு கவுன்சிலருக்கு வாக்காளர்கள் சுமார் இரண்டாயிரத்து ஐந்நூறுக்குள்தான் வருவார்கள். உள்ளாட்சிக்கு ஓட்டுப் போட வருவது அதில் பாதிக்கும் குறைவு. அப்படியென்றால் பல வார்டில் ஆயிரம் ஓட்டு எட்டாமலேயே ஜெயிக்கலாம். ஒரு மனிதர், நல்ல செருப்பு ஒரு ஜோடி, இரண்டு குளிர்காலம் இருந்தால் அத்தனை கதவையும் தட்டிவிடலாம். பணத்தால் இதைச் செய்ய முடியாது. நாடாளுமன்றத் தொகுதியில் எழுபதாயிரம் பேரை யார் போய் முகத்துக்கு முகம் பார்ப்பது?

---

வடலி

வணக்கம் மரநிழல் அண்ணை. நான் இப்ஸ்விச் பக்கம் இருக்கிறேன். ஒரு கிராமத்து வாக்குச்சாவடியில் குமாஸ்தா வேலை செய்திருக்கிறேன், எங்கள் ஆக்களுக்கு அது எப்படி நடக்கிறது என்று தெரியட்டும் என்று எழுதுகிறேன்.

காலை ஏழு மணிக்குக் கதவு திறக்கும், இரவு பத்துக்குத்தான் மூடும். நாங்கள் அதற்கு முன்பே போய்விட வேண்டும். எங்களுக்குக் கிடைத்தது ஊர்ப் பொது மண்டபம். நடன வகுப்புக்காரர்களின் பாய்கள் ஒரு மூலையில், தேநீர்ப் பாத்திரம் ஒரு மூலையில். மரப்பலகையில் செய்த மடக்குச் சாவடி, அதற்குள் ஒரு கட்டை பென்சில் நூலால் கட்டித் தொங்கும். மின்னணு இயந்திரம் இல்லை, விரலில் மை இல்லை. வேட்பாளர்கள் பெயர் குடும்பப் பெயரின் அகர வரிசையில் இருக்கும், பக்கத்தில் கட்சியின் சிறு சின்னம். பெட்டிக்குள் ஒரு பெருக்கல் குறி (X) போட வேண்டும், அவ்வளவுதான். இரண்டு பேரைத் தெரிவு செய்யும் வார்டென்றால் இரண்டு குறி வரை போடலாம். ஒன்று போட்டாலும் செல்லும். மூன்று போட்டால் செல்லாது.

வந்தவர் பெயரைச் சொல்வார். அடையாள அட்டையைப் பார்ப்போம். பதிவேட்டில் அவர் பெயருக்கு எதிரே அடிமட்டத்தை வைத்து ஒரு கோடு இழுப்போம், அடுத்தவர் வரியில் தவறிப் பட்டுவிடக் கூடாது என்று அவ்வளவு கவனம். பிறகு வேறொரு தாளில் அவர் இலக்கத்தை வாக்குச்சீட்டின் இலக்கத்துக்கு நேரே எழுதுவோம். முகத்திரை அணிந்து வருகிற பெண்களுக்காக ஒரு மறைப்பும் முகம் பார்க்கும் கண்ணாடியும் வைத்திருக்க வேண்டும் என்பது புகைப்பட அட்டை விதியோடு வந்த ஏற்பாடு. பெரும்பாலானவர்கள் தங்கள் நாய்களோடு வருவார்கள், ஒரு மூதாட்டி எல்லோருக்கும் கேக் கொண்டுவந்து தந்தார்.

வெளியே வாசலில் கட்சிப் பூ குத்திக்கொண்டு சிலர் நாற்காலி போட்டு இருப்பார்கள். வருகிறவர்களிடம் வாக்காளர் இலக்கம் கேட்பார்கள். அது கட்டாயம் இல்லை, சொல்லாமலும் போகலாம். தங்கள் ஆட்கள் யார் இன்னும் வரவில்லை என்று பார்த்துப் பின்னேரம் போய்க் கதவு தட்டுவதற்குத்தான் அது.

அங்கே நான் கண்டதில் மனதில் நிற்பது: சாவடியில் ஒருவரும் சத்தம் போட்டுக் கதைப்பதில்லை. அதே ஊரில் எதிரெதிர்க் கட்சிக்கு வேலை செய்கிற இரண்டு பேர் ஒரே வாசலில் பகல் முழுக்க ஒரு பிளாஸ்கைப் பகிர்ந்து தேநீர் குடித்தார்கள்.

---

தாமிரபரணி

இதெல்லாம் சரி, வடலி அக்கா. நான் இந்தியப் பாஸ்போர்ட்தான் வைத்திருக்கிறேன், வேலை விசாவில் வந்து அதிக நாள் ஆகவில்லை. பிரிட்டிஷ் குடியுரிமை இல்லாமல் எனக்கு இதில் என்ன வேலை? ஆபீஸில் ஒருவர் "உனக்கும் ஓட்டு உண்டு" என்றார், நம்பவில்லை.

---

வடலி

உண்டு தங்கச்சி, நம்பலாம். பொதுநலவாய நாடுகளின் குடிமக்கள் இந்த நாட்டில் தங்கச் செல்லுபடியான அனுமதி வைத்திருந்தால் இங்கே வாக்காளராகப் பதிவு செய்யலாம். இந்தியா, இலங்கை, மலேசியா, சிங்கப்பூர் எல்லாம் அதில் வரும். உள்ளாட்சித் தேர்தல் மட்டும் இல்லை, நாடாளுமன்றத் தேர்தலிலும் வாக்குண்டு. பதிவுக்குத் தேசியக் காப்பீட்டு எண் கேட்பார்கள், அது உங்களிடம் ஏற்கெனவே இருக்கும்.

2023 மே தேர்தலில்தான் முதல் முறையாக இங்கிலாந்தில் புகைப்பட அட்டை கட்டாயமானது. பொதுநலவாய நாட்டுக் கடவுச்சீட்டு ஏற்கப்படும். காலாவதி ஆனதென்றாலும் படம் உங்களைப் போலவே இருந்தால் சரி. ஓட்டுநர் உரிமம், முதியோர் பேருந்து அட்டை எல்லாம் செல்லும். இளைஞர்களின் பயண அட்டைகள் செல்லாது, அதில் எனக்கு ஏற்பே இல்லை. முதியவர் பஸ் அட்டையை ஏற்றால் இளையவர் அட்டையை ஏன் ஏற்கக் கூடாது? அந்தத் தேர்தலில் அட்டை இல்லாமல் திரும்பிப் போய் வாக்களிக்க முடியாமலே போனவர்கள் குறைந்தது 14,000 பேர் என்று தேர்தல் ஆணையம் கணக்கிட்டது. ஒன்றுமே இல்லாதவர்கள் இலவசமாக வாக்காளர் சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம்.

போட்டியிடும் விதி வேறு. பொதுநலவாயக் குடிமகன் வேட்பாளராக நிற்க வேண்டுமென்றால் காலவரையற்ற தங்கும் அனுமதி இருக்க வேண்டும். அப்படி இருப்பவர்கள் எங்கள் ஆட்களில் பல ஆயிரம் பேர்.

---

தாமிரபரணி

நன்றி அக்கா. இன்றே பதிவு செய்கிறேன். போட்டியிடுவது எல்லாம் எனக்குத் தூரம். ஆனால் கேட்கிறேன்: நிற்பதற்கு எவ்வளவு டெபாசிட் கட்ட வேண்டும்?

---

மரநிழல்

ஒரு பென்னி கூட வேண்டாம். நாடாளுமன்றத்துக்கு 500 பவுண்டு டெபாசிட், கவுன்சிலுக்கு டெபாசிட்டே கிடையாது. முன்பு பத்து வாக்காளர்களின் கையெழுத்து கேட்டார்கள், கோவிட் சமயத்தில் இரண்டாகக் குறைத்தார்கள், அதுவே நிலைத்துவிட்டது. முன்மொழிபவர் ஒருவர், வழிமொழிபவர் ஒருவர். பதினெட்டு வயது, அந்தப் பகுதியில் வாக்காளராக இருப்பது அல்லது ஒரு வருடம் வசித்தது, வேலை பார்த்தது மாதிரி ஒரு தொடர்பு. முடிந்தது. ஜெயித்தால் சம்பளம் கிடையாது, ஓர் ஆண்டுப் படி மட்டும் தருவார்கள். அதனால்தான் பல கிராமத்துக் கவுன்சில்களில் ஓய்வு பெற்றவர்கள் தலை மட்டும் அதிகம் தெரிகிறது. வேலையும் குழந்தையும் உள்ளவர்கள் பகல் கூட்டத்துக்கு எப்படிப் போவார்கள்? இது எனக்கு வருத்தமான விஷயம், மாற வேண்டும்.

---

எழுத்தாணி

எல்லோரும் உற்சாகமாகப் பேசுகிறீர்கள். நான் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுகிறேன், கோபிக்க வேண்டாம்.

மாவட்ட கவுன்சிலுக்கு உண்மையில் என்ன அதிகாரம் இருக்கிறது? சாலை, பள்ளிக்கூடம், நூலகம், முதியோர் பராமரிப்பு எல்லாம் கவுண்டி கவுன்சில். விளையாட்டுத் திடல், மயானம், பஸ் நிழற்குடை எல்லாம் ஊர் அளவில் இருக்கும் பாரிஷ் கவுன்சில். நடுவில் இருக்கும் மாவட்டத்துக்கு மிஞ்சுவது குப்பை, கவுன்சில் வீடுகள், கட்டட அனுமதி, வரி வசூல். அந்த வரியும் அவர்களுக்கா? கவுன்சில் வரி ரசீதைப் பாருங்கள்: கவுண்டி, போலீஸ் ஆணையர், மாவட்டம், பாரிஷ் என்று நான்கு பேர் பங்கு. வசூலிப்பது மாவட்டம், அதில் அதற்குக் கிடைப்பது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. சிங்கப் பங்கு கவுண்டிக்கு.

சரி, கட்டட அனுமதியாவது கையில் இருக்கிறதே என்றால் அதுவும் பாதிதான். அடுத்த ஐந்து வருடத்துக்குத் தேவையான வீட்டுமனைகள் இருக்கின்றன என்று கவுன்சில் காட்ட முடியாவிட்டால் வயல்களில் கட்ட அனுமதி வாங்குவது கட்டுமான நிறுவனத்துக்கு எளிதாகிவிடும். கவுன்சில் மறுத்தால் மேல்முறையீடு பிரிஸ்டலில் உள்ள திட்டமிடல் ஆய்வாளர் அலுவலகத்துக்குப் போகும். அங்கே தோற்று, மறுத்தது நியாயமே இல்லை என்று முடிவானால் செலவும் மக்கள் தலையில். தர்ஸ்டன், எல்ம்ஸ்வெல் மாதிரி ரயில் நிலையம் உள்ள கிராமங்களில் வரிசை வரிசையாகப் புது வீடுகள் வந்தது எப்படி என்று நினைக்கிறீர்கள்?

மின் கோபுர விவகாரத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். நார்விச்சிலிருந்து டில்பரி வரை சுமார் 180 கிலோமீட்டருக்கு உயர் அழுத்த மின் பாதை போடத் திட்டமிட்டது நேஷனல் கிரிட். மிட் சஃபோக் வயல்களின் குறுக்கேதான் போகிறது. கடல் காற்றாலை மின்சாரத்தைக் கொண்டுபோக வேண்டும் என்று பசுமைக் கட்சியே சொல்கிறது, ஆனால் உள்ளூரில் அவர்களே கோபுரம் வேண்டாம் என்கிறார்கள். 2024-ல் வேவனி வேலி தொகுதியில் ஜெயித்த பசுமைக் கட்சி எம்பி அட்ரியன் ராம்சே வந்தவுடனேயே இந்தத் திட்டத்தை நிறுத்தி வைத்து மாற்று வழிகளைப் பார்க்கச் சொன்னார். இது கொள்கையா, ஓட்டுக் கணக்கா?

---

மரநிழல்

நல்ல கேள்விகள். ஒவ்வொன்றாக வருகிறேன்.

மின் பாதையை முடிவு செய்வது மாவட்ட கவுன்சில் இல்லை. தேசிய முக்கியத்துவம் உள்ள கட்டமைப்பு என்று சொல்லி அமைச்சரிடம் போய்விடும். கவுன்சில் தன் கருத்தை, ஆட்சேபணையை, எந்த வயல் எந்தத் தேவாலயத்தின் காட்சி கெடும் என்ற விவரத்தை எழுதிக் கொடுக்கலாம். அந்த எழுத்து வலுவாக இருந்தால் பாதை சில இடத்தில் நகரும், சில இடத்தில் நிலத்தடிக்குப் போகும். "வேண்டாம்" என்று மட்டும் சொல்லாமல் "கடல் வழியே கொண்டுபோங்கள்" என்று ஊர்க்காரர்கள் கேட்பதை நான் குற்றமாகப் பார்க்கவில்லை. தன் வயலில் கோபுரம் வரப்போகிறவர் பேசத்தான் பேசுவார். ஆனால் நாடு முழுக்க மின்சாரம் தேவை என்று மேடையில் பேசுகிற கட்சி, உள்ளூரில் என்ன விலை கொடுக்கத் தயார் என்று வாக்காளரிடம் நேராகச் சொல்ல வேண்டும். அந்த விஷயத்தில் உங்களோடு உடன்படுகிறேன்.

வீட்டு அனுமதியைப் பற்றி: முழு அதிகாரம் இல்லைதான். ஆனால் எத்தனை வீடு என்பதை மேலிடம் தீர்மானித்தாலும், எங்கே, எப்படி, எத்தனை குறைந்த விலை வீடு, பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் கட்டுமான நிறுவனம் எவ்வளவு தர வேண்டும் என்ற பேரத்தில் கவுன்சிலின் அக்கறை நிறையவே தெரியும். திட்டக் குழுக் கூட்டத்தில் ஊர்க்காரர் யாரும் பதிவு செய்துகொண்டு சில நிமிடம் பேசலாம். அந்தச் சில நிமிடத்தில் "இந்த வழியில்தான் மழைத் தண்ணீர் வடிகிறது, மூடினால் கீழ்த் தெரு மூழ்கும்" என்று சொல்ல அந்த ஊர்க்காரரால்தான் முடியும்.

கவுன்சில் பெரிய வேலையே செய்வதில்லை என்பதும் சரியல்ல. ஸ்டோமார்க்கெட் ஓரத்தில் ஏ14 சாலையை ஒட்டி கேட்வே 14 என்று ஒரு பெரிய தொழில் பூங்கா வந்திருக்கிறதே, அதை நடத்தும் நிறுவனம் மிட் சஃபோக் கவுன்சிலுக்கே சொந்தம். அதற்கு அடித்தளம் போட்டவர்கள் முந்தைய கன்சர்வேடிவ் நிர்வாகத்தினர். அதை நல்லது என்பவரும் உண்டு, லாரி நெரிசல் என்பவரும் உண்டு. எப்படியானாலும் ஒரு மாவட்ட கவுன்சிலின் முடிவு ஆயிரக்கணக்கானோர் வேலையைத் தொடுகிறது என்பதற்கு அது போதும்.

---

கடலோடி

ஒரு விஷயம் சேர்க்கிறேன். கட்சி இல்லாமலே செய்யலாம் என்பதற்கு சாமர்செட்டின் ஃப்ரோம் ஊரைப் பாருங்கள். 2011-ல் சுயேச்சைகள் ஒன்று சேர்ந்து நின்றார்கள், ஊர்க் கவுன்சிலின் 17 இடத்தில் 10 பிடித்தார்கள். 2015-ல் பதினேழும் அவர்களுடையது. அது மாவட்டம் இல்லை, அதற்கும் கீழே உள்ள அடுக்கு. ஆனாலும் கட்சிச் சண்டை இல்லாமல் ஓர் ஊர் தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ள முடியும் என்று காட்டினார்கள்.

ஆனால் பெரும்பாலான பாரிஷ் கவுன்சில்களில் நிலைமை தலைகீழ். ஒன்பது இடத்துக்கு ஆறு பேர்தான் மனு போடுகிறார்கள், தேர்தலே நடக்காது. மிச்ச இடத்துக்குத் தெரிந்தவரை உள்ளே இழுத்துக்கொள்வார்கள். எங்கள் ஊரிலும் அப்படித்தான். கூட்டத்துக்கு வெளியாட்கள் என்று யாருமே வருவதில்லை. ஊருக்குப் புதிதாக வந்தவர் உள்ளே நுழைய இதைவிட எளிதான கதவு இந்த நாட்டில் இல்லை. தயவுசெய்து நம்மவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

---

கோவைக்காரன்

ஒரு ஓட்டில் எதுவும் மாறாது என்பவர்களுக்கு ஒரு தகவல். 2017-ல் நார்தம்பர்லாந்தில் சவுத் பிளைத் வார்டில் கன்சர்வேடிவ், லிபரல் டெமாக்ரட் இருவரும் சமமான ஓட்டு. மறுபடி மறுபடி எண்ணியும் சமம். கடைசியில் குச்சி எடுத்து முடிவு செய்தார்கள். நீளக் குச்சி லிபரல் டெமாக்ரட் கையில் வந்தது. அந்த ஒரு இடம் போனதால் கன்சர்வேடிவ் 67-ல் 33 என்று நின்றது, தனிப் பெரும்பான்மைக்கு ஒன்றே ஒன்று குறைவு. அந்த வார்டில் யாராவது ஒருவர் கூடுதலாக வந்து அவர்களுக்குப் போட்டிருந்தால் தனிப் பெரும்பான்மையே கிடைத்திருக்கும்.

மிட் சஃபோக் விஷயத்தில் என் கருத்து அப்படியேதான் இருக்கிறது, கோபம்தான் முதல் காரணம். 2025 மேயில் ரிஃபார்ம் கட்சி கென்ட், லிங்கன்ஷயர் மாதிரி கவுண்டிகளை ஒரே வீச்சில் பிடித்ததே, அங்கே எத்தனை வருடம் யார் கதவு தட்டினார்கள்? புதுக் கட்சி, புது முகங்கள், பெரிய வெற்றி. கூடவே இருந்தவர் ஜெயிப்பார் என்ற உங்கள் கணக்கு இதற்குப் பதில் சொல்லவில்லை, மரநிழல்.

---

மரநிழல்

இது கனமான எதிர்வாதம், ஒதுக்கிவிட முடியாது. அலை அடிக்கும்போது யார் பெயரும் தெரியாமலே மக்கள் சின்னத்தைப் பார்த்துப் போடுகிறார்கள். கவுண்டித் தேர்தலில் அது இன்னும் எளிது, ஏனென்றால் கவுண்டிப் பிரிவுகள் பெரியவை, வேட்பாளரை நேரில் பார்த்தவர் குறைவு. என் நம்பிக்கை என்னவென்றால், அலையில் வந்தவருக்கு முதல் குளிர்காலத்திலேயே சோதனை வரும். சாலைப் பள்ளத்தையும் சிறப்புத் தேவை உள்ள குழந்தைகளின் பள்ளி வாகனத்தையும் பட்ஜெட்டையும் சமாளிக்க வேண்டும். நான்கு வருடம் கழித்து அந்த வார்டுகளில் யார் நிற்கிறார், யார் காணாமல் போனார் என்று பார்த்தால்தான் தெரியும்.

---

எழுத்தாணி

அந்த நான்கு வருடமே கிடைக்குமா என்பதுதான் என் அடுத்த கவலை. 2024 டிசம்பரில் அரசு வெள்ளை அறிக்கை வெளியிட்டது. மாவட்டம், கவுண்டி என்ற இரண்டு அடுக்கையும் கலைத்துவிட்டு ஒரே அடுக்காக்க வேண்டும் என்பது திட்டம். சஃபோக் முதல் வரிசையில் வைக்கப்பட்டது. 2025 மேயில் நடக்க வேண்டிய சஃபோக் கவுண்டித் தேர்தலே இதற்காகத் தள்ளிப்போனது. முழு சஃபோக்குக்கும் ஒரே கவுன்சில் என்று கவுண்டி கேட்டது. மூன்றாகப் பிரிக்கலாம் என்று மாவட்டங்கள் கேட்டன. எது வந்தாலும் மிட் சஃபோக் என்ற பெயர் தேர்தல் வரைபடத்தில் இருக்காது. 1974-ல் பிறந்தது முடிந்துவிடும்.

---

வடலி

அதுதான் எனக்குக் கவலை. ஏழரை லட்சத்துக்கும் மேல் மக்கள் உள்ள கவுண்டிக்கு ஒரே கவுன்சில் என்றால் ஒரு கவுன்சிலர் எத்தனை ஊர் பார்ப்பது? எங்கள் சாவடிக்கு வந்த மூதாட்டிக்குத் தன் கவுன்சிலரின் வீட்டுக் கதவு எது என்று தெரியும். இனி யாரைப் போய்க் கேட்பது?

---

மரநிழல்

நியாயமான பயம். ஒரே கவுன்சில் என்றால் செலவு குறையும், யார் பொறுப்பு என்ற குழப்பமும் குறையும், இரண்டும் உண்மை. இன்று பள்ளத்துக்கு மாவட்டத்தைத் திட்டுபவரும், குப்பைக்குக் கவுண்டியைத் திட்டுபவரும் ஏராளம். ஏற்கெனவே தூரம் வந்துவிட்டது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மிட் சஃபோக் கவுன்சிலின் தலைமை அலுவலகம் முன்பு நீடம் மார்க்கெட்டில் இருந்தது. 2017-ல் இப்ஸ்விச்சில் உள்ள எண்டெவர் ஹவுஸுக்குப் போய்விட்டது. அது கவுண்டி கவுன்சிலின் கட்டடம், மாவட்ட எல்லைக்கே வெளியே. ஊழியர்களையும் பேபரோடு பகிர்ந்துகொள்கிறார்கள். செலவு மிச்சம் என்று ஒவ்வொரு படியாக நகர்ந்து கடைசியில் மாவட்டமே மறைகிறது.

என்னைக் கேட்டால் மூன்று கவுன்சில் திட்டம்தான் நல்லது. அதோடு பாரிஷ் கவுன்சில்களுக்குக் கையில் கொஞ்சம் பணமும் அதிகாரமும் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ஆயிரம் ஓட்டில் ஜெயித்து ஊரைத் தெரிந்த ஒருவர் கவுன்சிலுக்குப் போகும் வழி அடைபட்டுப் போகும். கடலோடி சொன்ன கதவு இப்போதே முக்கியம், இனி இன்னும் முக்கியம்.

---

தாமிரபரணி

பதிவு செய்துவிட்டேன். உறுதிக் கடிதம் வரும் என்று சொன்னது. ஒரு சந்தேகம்: எனக்கு ஷிப்ட் வேலை, பன்னிரண்டு மணி நேரம். தேர்தல் நாளில் டியூட்டி விழுந்தால் என்ன செய்வது? தபால் ஓட்டுக்குக் காரணம் காட்ட வேண்டுமா?

---

வடலி

இங்கிலாந்தில் தபால் வாக்குக்குக் காரணம் எதுவும் வேண்டாம், கேட்டால் போதும். பதிவுக்குக் கடைசி நாள் தேர்தலுக்குப் பன்னிரண்டு வேலை நாளுக்கு முன் நள்ளிரவு. தபால் வாக்கு மனு பதினோரு வேலை நாளுக்கு முன், மாலை ஐந்து மணிக்குள். விண்ணப்பத்தில் போடும் கையெழுத்தும் பிறந்த தேதியும் பிறகு சீட்டோடு வைக்கும் தாளில் போடுவதும் ஒத்துப்போக வேண்டும், அதில்தான் நிறைய வாக்குகள் தள்ளுபடியாகின்றன. தபாலில் அனுப்ப நேரம் தப்பினால் தேர்தல் நாளில் உங்கள் வாக்குச்சாவடியிலேயே கொண்டுவந்து கொடுக்கலாம், ஒரு படிவம் நிரப்பித் தர வேண்டும். எந்த மண்டபம் என்று வீட்டுக்கு வருகிற அட்டையில் இருக்கும். அந்த அட்டையைக் கொண்டுபோக வேண்டிய அவசியம் இல்லை, பாஸ்போர்ட்தான் முக்கியம்.